நடுவில் நின்ற மோகனம்

மயிலாப்பூரின் அந்த ஸ்கேன் அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். திரையின் வெளிச்சம் மட்டும் டாக்டர் நீரஜாவின் மூக்குக்கண்ணாடியில் சாம்பல் நிறமாக அசைகிறது. படுத்திருக்கும் வால்டரின் வலது விலாவுக்குக் கீழே ஜில்லென்ற ஜெல், அதன்மேல் வழுக்கிப் போகும் கருவி. டாக்டர் தன்னையறியாமல் மோகனத்தை முணுமுணுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் வால்டரின் காது அந்த ராகத்தின் பின்னாலேயே போகிறது. கருவி ஓரிடத்தில் நிற்கிறது. பாட்டும் நிற்கிறது.

“ஏன் டாக்டர் நிறுத்திட்டீங்க?”

“ஈரல்ல சின்னதா ஒரு புள்ளி இருக்கு சார். மருந்து ஏத்திப் பாத்தா தெரிஞ்சுடும். கேன்சரா இருந்தா அந்தப் புள்ளியில பளிச்சுனு ஏறின வெளிச்சம் சீக்கிரமே மங்கிடும். சாதாரண ரத்தக்குழாய் முடிச்சுன்னா அப்படியே நிக்கும். ரெண்டுல எதுன்னு இன்னிக்கே சொல்லிடறேன்.”

போன வருடம் குடலிலிருந்து வெட்டியெடுத்த கட்டி இங்கே வந்து உட்கார்ந்துகொண்டதா என்று வால்டர் யோசிக்கிறார். நர்ஸ் ஷில்பா அவர் கை நரம்பில் மருந்தை ஏற்றுகிறாள். மருந்திலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் ரத்தத்தோடு ஓடுகின்றன. திரை அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அவர் டாக்டரின் கண்ணாடியையே பார்க்கிறார். அதில் ஒரு வெள்ளைப் பொட்டு ஓரத்திலிருந்து மெல்ல நிரம்புகிறது. ஏசி இரைகிறது. பொட்டு மங்கவில்லை. டாக்டர் அவசரப்படாமல் காத்திருக்கிறார். பொட்டு இன்னும் மங்கவில்லை. விட்ட ஸ்வரத்திலிருந்தே மோகனம் மறுபடி கிளம்புகிறது. டாக்டர் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே, படுக்கையின் விரிப்பில் வால்டரின் விரல்கள் கூடவே வாசிக்கத் தொடங்குகின்றன.