நானூற்றுப் பன்னிரண்டு களவா

அவள் திருடியதற்குச் சாட்சியாக மேசைமேல் இரண்டு சிலேட்டுகள் கிடந்தன. மூத்தவருடையதில் நானூற்றேழு. படகிலிருந்து அவர் எடுத்துவந்த அவளுடையதில் நானூற்றுப் பன்னிரண்டு.

"எண்ணச் சொன்னா எட்டிப் பார்த்து எழுதியிருக்கா சார். நான் தண்ணிய விட்டு ஏறுற வரைக்கும் இவ சிலேட்டு காலி," என்றார் மூத்தவர். பன்னிரண்டு வருடமாக அந்தக் கடலில் மூழ்குகிறவர்.

மீன் பிடிக்கத் தடையுள்ள கடல் அது. பௌர்ணமியை ஒட்டிக் களவா மீன்கள் ஒரே பாறையில் கூடி முட்டையிடும். ஒருவர் மூழ்கி எண்ணிவிட்டு ஏறியதும் அடுத்தவர் இறங்கி எண்ண வேண்டும். ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் பார்த்தால் வேலை போய்விடும்.

புதிதாக வந்திருந்த அதிகாரி அவள் சிலேட்டைக் கையில் எடுத்தார். அதன் கயிறு மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"காலேஜ்லயும் இப்படித்தான் பாஸ் பண்ணியாம்மா?"

அவள் ஈரத் தலையோடு நின்றாள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஊமக் கோட்டான் மாதிரி நிக்கிறத பாருங்க. அஞ்சு மீனு கூட்டிப் போட்டா கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனப்பு," என்றார் மூத்தவர். "இந்த எடத்துக்கு என் மச்சான் மகனச் சொன்னேன். யாரு கேட்டா?"

அதிகாரி அவளுடைய அனுமதி அட்டைக்காகக் கை நீட்டினார். "நாளையிலேர்ந்து படகுல உனக்கு எடமில்ல. அட்டையக் குடு."

அவள் அட்டையைக் கழற்றவில்லை. மூத்தவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க எறங்குனப்ப கூட்டம் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"என்னையே சோதிக்கிறியா? கெழக்குப் பக்கம். பாறையே தெரியல, அவ்வளவு மீனு. நீயும் எறங்கியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நல்லாப் பார்த்தீங்களா அண்ணே?"

"ஒண்ணு ஒண்ணா எண்ணுனேன். எங்க வேணாலும் கையெழுத்துப் போடுறேன்."

அதிகாரி படிவத்தை நீட்டினார். மூத்தவர் நானூற்றேழு என்று நிரப்பி, அழுத்திக் கையெழுத்திட்டார்.

அவள் தோள்பையிலிருந்து, கயிறு இன்னும் ஈரமாயிருந்த இன்னொரு சிலேட்டை எடுத்து அதிகாரியின் முன் வைத்தாள்.

"உங்க கையில இருக்கறது போன மாசத்து சிலேட்டு சார். அழிக்காம படகுலயே விட்டுட்டேன்," என்றாள்.

"இன்னைக்குப் பாறையில ஒரு மீன்கூட இல்ல."