டிரைவரின் பாத்தி

"இது உங்க பாத்தியாம்மா?"

கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தையல்காரி நிமிர்ந்தாள்.

"இல்ல சார். பஸ் டிரைவரோடது."

மேற்பார்வையாளர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தார். நகராட்சி இந்தத் தோட்டத்தில் இடம் கொடுக்கிறது, தண்ணீர் கொடுக்கிறது, விளைந்ததை விற்க ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடையும் கொடுக்கிறது. பதிலுக்கு ஒன்றுதான் கேட்கிறது. பாத்திக்காரரே வந்து பயிர் செய்ய வேண்டும். வராவிட்டால் பாத்தி அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும்.

"டிரைவர் எங்க?"

"இப்பதான் சார், விடியக்காலைல வந்துட்டுப் போனாரு."

"அவரு ஒரு மாசமா ஆஸ்பத்திரியில பொண்டாட்டி பக்கத்துலயே இருக்காருன்னு வாட்ச்மேன் சொல்லிட்டாரும்மா."

அவள் முகத்தில் அசடு வழிந்தது.

"அந்தக்காவுக்கு ஆபரேஷன் சார். ஆசை ஆசையா வச்ச செடிங்க. வீட்டுக்கு வந்ததும் மொதல்ல இங்கதான் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க. அப்ப வேற யாராவது நின்னுட்டிருந்தா மனசு விட்டுப் போயிடும்."

"எல்லாம் சரி. அடுத்த ஆள் ரெண்டு வருஷமாக் காத்துக் கெடக்காங்களே, அவங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"

"அவங்க பொறுத்துக்குவாங்க சார்."

மேற்பார்வையாளருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சுலபமாச் சொல்லிட்டீங்க. காத்திருக்கறவங்க கஷ்டம், சொந்தமாப் பாத்தி வச்சிருக்கற உங்களுக்கு எங்க புரியப் போகுது?"

அவள் குனிந்து, இலைக்கடியில் இருந்த புழுவை எடுத்துத் தூரப் போட்டாள். பாத்தியில் மருந்துக்குக்கூடக் களை இல்லை. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டது போல அவ்வளவு ஒழுங்காக இருந்தது. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொள்வார்களா என்று தோன்றியது அவருக்கு. மனசு இளகிவிட்டது.

ஆபீசுக்குப் போன் போட்டார். "ஏம்மா, டிரைவர் பாத்தி அவருக்கே இருக்கட்டும். அடுத்து இருக்கற ஆளைக் கூப்பிட்டு, இப்பக் கிடைக்காதுன்னு கொஞ்சம் பக்குவமாச் சொல்லிடு."

சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார். நாலடி வைப்பதற்குள் பின்னால் தையல்காரியின் போன் அடித்தது.

"சொல்லுங்கம்மா... பரவாயில்ல, நான் காத்திருக்கேன்."