கபடி மைதானத்தில் ஓடிய நாய்

பரிமளம் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு ரெக்கார்டர் பெட்டி. அதற்குள் எட்டு வருஷம் உழைத்த ஹார்ட் டிஸ்க்கில் எப்போதும் இடம் போதாது. கடைசியில் அவள் புருஷன் ஞானதுரை, அதைவிடப் பத்து மடங்கு பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தார். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற, இரண்டையும் ஒயரால் இணைத்தார்.

"எல்லாத்தையும் கொட்டுங்கண்ணே, இங்க ஊரையே வைக்கலாம்" என்றது புதியது. கொஞ்ச நேரத்தில், "இதென்னண்ணே, மூணு நிமிஷ கபடி?" என்று கேட்டது.

"உள்ளூர் சேனல்ல வந்துச்சு. நடுவுல இவங்க நாய் மைதானத்துக்குள்ள ஓடும் பாரு. மத்ததெல்லாம் போன வாரத்துது தம்பி. இது மட்டும் எட்டு வருஷமா இருக்கு."

"இதுக்குப் போயா?"

"இடம் இல்லாதப்பல்லாம் எதை அழிக்கிறதுன்னு ரெண்டு பேரும் ரிமோட்டுக்குச் சண்டை போடுவாங்க. சீரியல் போகும், கிரிக்கெட் போகும். நாய்கிட்ட வந்ததும் சண்டையை விட்டுட்டு அதைப் போட்டுப் பார்த்துச் சிரிப்பாங்க."

ஒரு வருஷம் ஓடியது. டிவி அலமாரியின் மேல்தட்டில் கிடந்த பழையதைப் புதியது கூப்பிட்டது.

"அண்ணே, ஆயிரம் மணி நேரம் சேர்த்துட்டேன். இதுல அவங்களுக்குப் பிடிச்சது எதுன்னே தெரியலையே!"

"எதையாவது அழிக்க வந்தாங்களா?"

"இல்லையே, இன்னும் எவ்வளவோ இடம் இருக்கே."

பழையது மெதுவாகச் சொன்னது: "இடம் தீந்து எதை அழிக்கிறதுன்னு சண்டை வர்றப்பதான் அது தெரியும். அதுவரைக்கும் அந்த நாயைப் பத்திரமா பாத்துக்க, தம்பி."