குனிந்து பார்த்த பிள்ளை

புருஷன் நாகராசு கடலோடு போய்த் திரும்பாமல் பத்து மாதம் ஆன செவந்தியை, ஊர் கூடிப் பிள்ளைத்தாச்சி என்றது. அவளுக்கு நடந்த அநியாயம் இதுதான். மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமம். ஐம்பத்து நாலாம் வருஷம். சாட்சி யாரென்று சொன்னால் சிரிப்பீர்கள். அவள் பெற்ற பதினைந்து மாதப் பயல், மலையாண்டி.

பயல் நடை பழகிய கொஞ்ச நாளில் ஒரு விளையாட்டு ஆரம்பித்தான். உச்சிவெயிலில், ஆள் அரவமில்லாத வாசலில், இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிவான். கால் இடுக்கு வழியே தலைகீழாகப் பின்னால் பார்ப்பான். அங்கே பனைமரங்களும் அதற்கப்பால் கடலும்தான். ஆனால் யாரோ நின்று விளையாட்டுக் காட்டுவதுபோல் கெக்கெக்கென்று சிரிப்பான்.

பக்கத்து வீட்டுச் செங்கமலம் அதைப் பார்த்துவிட்டாள். பிள்ளை அப்படிக் குனிந்து பார்த்தால், பின்னால் வரப்போகிற தம்பியைத் தேடுகிறது என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"தம்பியையில்ல கூப்புடுறான்," என்றாள் தெருப் பெண்களிடம் குரலைத் தாழ்த்தி. "அப்பன் இல்லாத வீட்டுக்கு எங்கிட்டிருந்து ஆத்தா வாரான் தம்பி?"

அவ்வளவுதான். செவந்தி கிணற்றடிக்குப் போனால் பேச்சு நின்றது. மாதாமாதம் தூரம் ஒதுங்கியிருந்ததைக்கூட வெட்கத்தை விட்டுச் சொல்லிப் பார்த்தாள், நடிப்பு என்றார்கள். நாலு மாதம் பொறுத்தால் வயிறே பதில் சொல்லிவிடாதா என்று கெஞ்சினாள். வயிறு தெரிகிறவரை விட்டுவைத்தால் ஊருக்குத்தான் கேவலம் என்றார் அம்பலக்காரர் உடையப்பன். ஊர் வழக்கெல்லாம் தீர்ப்பவர் அவர். வெள்ளிக்கிழமை கூட்டம் என்று சொல்லியனுப்பினார். குற்றம் என்று ஆகிவிட்டால் செவந்தி ஊரைவிட்டுப் போக வேண்டும். பிள்ளை மட்டும் அப்பன் வீட்டோடு இருந்துவிடும்.

மூன்றாம் நாள் செவந்திக்கே பயம் வந்துவிட்டது. பயல் குனியும்போதெல்லாம் அவளும் திரும்பிப் பனைமரங்களைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து அவன் ஒரு கையை நீட்டி நீட்டிச் சிரித்தான். தன்னையறியாமல் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செய்யாததைச் செய்தோமோ என்று ஒரு பெண்ணை நினைக்க வைக்க, ஒரு ஊருக்கு மூன்று நாள் போதும்.

அதைவிட அவளை நடுங்க வைத்தவள் நாத்தனார் கண்ணாத்தாள். நாகராசுவின் அக்கா. பிள்ளை இல்லையென்று புருஷன் வீட்டார் திருப்பி அனுப்ப, பிறந்த வீட்டோடு இருப்பவள். பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. கதவோரம் நின்று பயலையே கண்கொட்டாமல் பார்ப்பாள். வெயில் உச்சிக்கு ஏறியதும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். பொழுது சாயத்தான் திரும்புவாள்.

"எங்கிட்டுப் போறீங்க மதினி?"

கண்ணாத்தாள் நடையைக் கூட்டுவாள்.

செங்கமலம்தான் வந்து சொன்னாள். சின்னப் பிள்ளை இருக்கிற வீடாகப் பார்த்துப் போய் வேலியோரம் நிற்கிறாளாம். வாவென்றாலும் வருவதில்லை, பேசுவதுமில்லை, பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டே நிற்கிறாளாம். பெறாதவள் கண் என்று பெண்கள் பிள்ளைகளைச் சேலைக்குள் மூடுகிறார்கள். அவள் முன்னாலேயே உப்பைச் சுற்றிப் போடுகிறார்கள். ஒருத்தி விளக்குமாற்றையே ஓங்கிவிட்டாளாம். அதற்கும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டு வேலிக்கு நடந்தாளாம்.

"ஒன்னைய வெரட்டிட்டு ஒம்புள்ளைய எடுத்துக்கப் பாக்குறா. அது பத்தாம ஊருப் புள்ளைக மேலயும் கண்ணு."

செவந்தி அதை நம்பினாள். அதற்கப்புறம் பயலை இடுப்பைவிட்டு இறக்கவேயில்லை. அவனோ இறங்க வேண்டும், குனிய வேண்டும் என்று வீறிட்டான்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடியது. அம்பலக்காரர் செவந்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே கண்ணாத்தாளிடம் திரும்பினார்.

"ஒரே வீட்டுல இருக்கிறவ, நீ சொல்லு. பய குனிஞ்சு பாக்குறானா இல்லையா?"

"பாக்குறான்யா," என்றாள் கண்ணாத்தாள்.

செவந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த ஊருல நடை பழகுற புள்ளை இவனோட சேத்துப் பதினொண்ணு." அவள் குரல் உயரவில்லை. "மலடின்னு ஏச்சு வாங்கிக்கிட்டு, எல்லா வேலியிலயும் நின்னு பாத்துட்டேன். பதினொண்ணும் குனிஞ்சுதான் பாக்குது. நீங்கள்லாம் ஒங்க வீட்டுல சிரிச்சுட்டு விட்டுட்டீங்க."

பெண்கள் பக்கம் சலசலத்தது. அம்பலக்காரர் தொண்டையைச் செருமினார்.

"புருசன் இருக்கிற வீடும் இல்லாத வீடும் ஒண்ணா?"

"பதினொண்ணுல இன்னொரு வீட்டுலயும் புருசன் இல்லய்யா. மலேயாவுக்குக் கப்பலேறி ஒண்ணரை வருசம் ஆச்சு. அந்த வீட்டுல மட்டும், புள்ளை குனிஞ்சதும் பெரிய மனுசர் ஒருத்தர் ஓடியாந்து தூக்கிட்டுப் போயிக் கதவைச் சாத்துனாரு." கண்ணாத்தாள் அவரையே கண்கொட்டாமல் பார்த்தாள். "அந்த மருமகளும் செவந்தி மாதிரி ஒரு தப்பும் அறியாதவ. அதனால எந்த வீடுன்னு நான் சொல்லல. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

எல்லார் கண்ணும் அம்பலக்காரர் பக்கம் திரும்பியது. அந்த ஊரிலிருந்து மலேயாவுக்குப் போயிருந்தவன் ஒரே ஒருவன்தான், உடையப்பனின் மகன்.

அம்பலக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நடை பழகுற புள்ளைன்னா குனிஞ்சுதான் பாக்கும். இதுக்கெல்லாமா ஊரைக் கூட்டுவாங்க? எந்திரிச்சுப் போங்க எல்லாரும்."