கோட்டை ராணி

அந்த மாயாஜால நாவலைப் படித்ததிலிருந்து நூலகப் பணிப்பெண்ணுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முகவரியை விசாரித்துக்கொண்டு எழுத்தாளரின் வீட்டுக்கே போய்விட்டாள்.

"பனிமூட்டத்துக்குள்ள அந்தக் கோட்டை, ஜன்னலோரம் ராணி... படிக்கப் படிக்க எனக்கே மூச்சு முட்டிச்சுங்க. எப்படிம்மா இதெல்லாம் தோணுது?"

எழுத்தாளர் வாய் திறப்பதற்குள் அவருடைய கணவர் முந்திக்கொண்டார். "எல்லாம் கற்பனைதாங்க."

"ஒரு நாள் எங்க நூலகத்துக்கு வந்து பேசுங்களேன்."

"கூட்டம்னாலே இவளுக்கு ஆகாது" என்றார் அவரே. எழுத்தாளர் குனிந்த தலை நிமிராமல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

"நானும் கடைக்குத்தான் போறேன், வாங்க" என்று கணவர் கூடவே வெளியே வந்தார். பேச்சுவாக்கில், பழக்க தோஷத்தில், கதவை இழுத்து வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பணிப்பெண் காத்திருந்தாள். பிறகு காவல் நிலையத்துக்கு வழி கேட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.