அடைப்பு

வாய்க்கால் ஓரம் குந்தியிருந்த பல் டாக்டரின் கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. தூறலில் நனைந்தபடி, ஒரு மூட்டையை வாய்க்காலுக்குள் தள்ளித் தள்ளித் திணித்துக்கொண்டிருந்தாள்.

தெருச் சங்கத்தின் செயலாளர் குடையோடு அப்படியே நின்றுவிட்டார். தன் வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதே மூக்கில் ஏறிய டீசல் வாடை, சரிவில் இறங்க இறங்க அவரை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"சார், நல்லவேளை வந்தீங்க. இந்த மூட்டையைக் கொஞ்சம்..."

"எதைக் கொண்டுவந்து தள்றீங்கன்னு கேட்டேன்."

போன மழைக்கு ஏரியில் மீன்கள் வயிறு மேலே தெரியச் செத்து மிதந்ததை அவர் மறக்கவில்லை. வண்டி கழுவின தண்ணீர், பழைய ஆயில், பெயின்ட் என்று தெருவில் கொட்டியதெல்லாம் மழையோடு போய்ச் சேர்ந்த வினை அது. அன்றிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசிவருபவர். மூலை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இந்த டாக்டரிடமும் பேசியிருந்தார்.

"இது சாக்கடை இல்லைம்மா, எங்கேயோ போய்ச் சுத்தமாகறதுக்கு. மழைத்தண்ணி வாய்க்கால். நேரா ஏரியில போய் விழுது. அதைத்தான் ஊரே குடிக்குது."

"தெரியும் சார். அதனாலதான்..."

"தெரிஞ்சேவா பண்றீங்க?"

பால் வாங்கிக்கொண்டு வந்த தையல்கடைக்காரர் நின்றார். "படிச்சவங்களே இப்படின்னா யாரைப் போய்ச் சொல்றது" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

செயலாளருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குடையைத் தையல்கடைக்காரரிடம் நீட்டிவிட்டு, பேன்ட்டை மடித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

"சார், அதை இழுக்காதீங்க." டாக்டர் அவர் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஒரு மூட்டையைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். அடுத்தது தானாகவே சரிந்தது.

கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டியது வெறும் மணல். அதற்குப் பின்னால் தேங்கி நின்ற தண்ணீர், பல வண்ணத்தில் பளபளத்தபடி அவர் முழங்காலை மோதிக்கொண்டு பாய்ந்தது. கீழே ஏரிக்கரையோரம் அந்தப் பளபளப்பு மெல்ல விரியத் தொடங்கியது.

"மேல எங்கிருந்தோ வருது சார்." அவள் சரிந்த மூட்டையைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். "விடியறதுக்கு முன்னாடியிருந்து தடுத்து வெச்சிருந்தேன்."

தையல்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். செயலாளர் தானும் குனிந்து இன்னொரு மூட்டையைத் தூக்கப் போகையில், சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நம்ம ஜெனரேட்டர் டேங்க் ஓட்டையாகி டீசல் பூராவும் தெருவுல ஓடிடுச்சு. சீக்கிரம் யாரையாவது விட்டு அந்த வாய்க்காலை அடைக்கச் சொல்லுங்க."