அத்தை தொடாத வெங்காயம்

"எலும்பு நல்லாக் கூடிடுச்சும்மா. நான் சொன்ன மாதிரி சின்ன வெங்காயம் சேத்துக்கிட்டீங்களா?"

பெரம்பலூர் டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் அனிதா ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். கட்டுப் பிரித்த கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அவள் மாமியார் செல்வம்மாளோ நிமிரக்கூட இல்லை.

"அடுப்படியெல்லாம் மருமக பொறுப்பு. அவளையே கேளுங்க."

"பூண்டு, வாழைப்பழம் எல்லாம் குடுக்கிறேன் டாக்டர்" என்று மழுப்பினாள் அனிதா.

"மாத்திரை மட்டும் போதாதும்மா. மாசவிலக்கு நின்னுபோச்சுன்னா எலும்பு சீக்கிரம் தேயும். குடலுக்குள்ள கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க இருக்கு. வெங்காயம், பூண்டு இதெல்லாம் அதுங்களுக்குத் தீனி. அதுங்க தெம்பா இருந்தா மாத்திரையில இருக்கிற சுண்ணாம்புச் சத்து ஒடம்புல நல்லா ஒட்டும்."

"அப்ப வயித்துக்குள்ள ஒரு மாட்டுப் பட்டியே வெச்சு வளக்கச் சொல்றீங்க" என்றாள் செல்வம்மாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சிரிக்கிற விஷயமில்லம்மா. இன்னொரு தடவை விழுந்தா கையோட போகாது, இடுப்பு ஒடியும். அப்புறம் படுக்கைதான்."

ஊரே சின்ன வெங்காயம் போட்டுப் பிழைக்கிறது. அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை வெங்காயத்தைத் தொடமாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? அனிதா கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை கம்பங்கூழுக்குப் பச்சை வெங்காயத்தை நறுக் நறுக்கென்று கடித்தவள்தான். இரண்டு வருடமாகத் திடீரென்று நிறுத்திவிட்டாள். கேட்டால், "புடிக்கலை" என்ற ஒரே பதில்.

வாய்க்கால் வரப்பில் அத்தை வழுக்கி விழுந்து கை ஒடிந்த பிறகுதான் அனிதா திருட்டுத்தனத்தில் இறங்கினாள். வெங்காயத்தை வதக்கி மைய அரைத்துத் தேங்காய்ச் சட்னியில் கலந்தாள். பருப்பில் கரைத்தாள். துவையலில் ஒளித்தாள். அத்தையும் மறுபேச்சில்லாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அனிதாவுக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

பஸ் ஸ்டாண்டில் செட்டிகுளம் பஸ் இன்னும் வரவில்லை. எலும்பு கூடிவிட்ட சந்தோஷத்தில் அனிதா மெல்லக் கேட்டாள்.

"ஏன் அத்தை, நெசமாவே உங்களுக்கு வெங்காயம் புடிக்காதா?"

"புடிக்காம என்ன? உனக்கு மொதப் புள்ள கலைஞ்சு போச்சுல்ல, அன்னைக்கு சிறுவாச்சூர் ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். உன் மடியில ஒரு புள்ளையப் பாக்குற வரைக்கும் வெங்காயம் என் நாக்குல படாதுன்னு."

அனிதா அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம். போன தடவை நாள் தள்ளியதுமே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அழுததுதான் மிச்சம். அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிறவரை மூச்சு விடக்கூடாது என்று அவளும் அவள் கணவன் அருள்முருகனும் முடிவு செய்திருந்தார்கள்.

எந்தப் பிள்ளைக்காக வேண்டுதலோ, அந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டே அவள் வேண்டுதலைத் தினம் தினம் அரைத்துக் கலக்கியிருக்கிறாள். ஆத்தா கோபித்துக்கொண்டால்? இதுவும் கலைந்துபோனால்? பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

"ஏம்புள்ள, சனமெல்லாம் பாக்குது. என்னாச்சு?"

"நான் பாவி அத்தை! உங்க எலும்பு கூடணுமேன்னு தெனமும் சட்னியில வெங்காயத்தக் கலந்துட்டேன். வேண்டுதல் இருக்கிறது சத்தியமாத் தெரியாது. இப்ப எனக்கு மூணாம் மாசம் அத்தை. ஆத்தா இதையும் எடுத்துக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

செல்வம்மாள் பதறவில்லை. கட்டுப் பிரித்த கையாலேயே முந்தானையை எடுத்து மருமகளின் முகத்தைத் துடைத்தாள்.

"வெங்காயக் காட்டுலயே கெடக்கிறவளுக்கு அது நாக்குல பட்டாத் தெரியாதா? நீயா வந்து சொல்லட்டும்னுதான் வாயத் தொறக்கலை. எனக்குக் கை ஒடிஞ்ச வாரமே, நாள் தள்ளியும் நீ தலைக்கு ஊத்தலைன்னதும் எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. அந்த வெள்ளிக்கிழமையே சிறுவாச்சூர் போயி, 'வெங்காயத்த என்கிட்டக் குடுத்துடு தாயி, அதுக்குப் பதிலா நான் போடுற வெத்தலை பாக்கை நீ வெச்சுக்க'ன்னு வேண்டுதலை மாத்திக்கிட்டு வந்துட்டேன்."

அனிதா அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள்.

"பின்ன என்ன புள்ள? ஒடிஞ்ச கைய வெச்சுக்கிட்டு என் பேரப்புள்ளைய எப்படித் தூக்குறதாம்?"